கட்சிச் சின்னம் இல்லாத மேயர் தேர்தலில், பதவியில் இருப்பவரே மீண்டும் நின்றால் எதை வைத்து முடிவெடுப்பது?

கேள்வி: வடசேரியான், நாகர்கோவில்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையும் மாப்பிள்ளையும் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் டொரண்டோவை அடுத்த ஒரு நகரில் வசிக்கிறார்கள். அண்மையில் குடியுரிமை பெற்றுவிட்டதால், 2026 அக்டோபர் 26 அன்று அங்கே நடைபெறும் உள்ளாட்சித் தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்க இருக்கிறார்கள். இப்போது மேயராக இருப்பவரே மறுபடியும் போட்டியிடுகிறார். வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரோ சின்னமோ இருக்காது என்றும், வேட்பாளர்களின் பெயர்கள் அகர வரிசையில் வெறுமனே அச்சிடப்பட்டிருக்கும் என்றும் தங்கை சொன்னாள். "அண்ணே, ஊரில் என்றால் சின்னத்தைப் பார்த்தாவது ஒரு முடிவுக்கு வரலாம், இங்கே எனக்குத் தெரிந்த ஒரே பெயர் இப்போதைய மேயரின் பெயர்தான், அதற்காகவே அவருக்கு வாக்களித்துவிடுவேனோ என்று தோன்றுகிறது" என்று அவள் கேட்டது எனக்குச் சாதாரணமான கேள்வியாகப் படவில்லை.

அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கும்போதே நம் ஊர் நினைவும் வந்தது. நாகர்கோவில் 2019-இல்தான் மாநகராட்சி ஆனது. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற முதல் மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கு, பாதாளச் சாக்கடை, முக்கடல் அணையையும் புத்தன் அணையையும் நம்பியிருக்கும் குடிநீர் விநியோகம் என்று நகரத்துக்கே உரிய பிரச்சினைகள் இருக்கும்போது, தேர்தல் பேச்சு மட்டும் சென்னைக் கூட்டணிக் கணக்காகவும் டெல்லி அரசியலாகவும் மாறிவிடுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். கட்சிச் சார்பற்ற தேர்தல் என்றால் இந்தத் தொல்லை இல்லாமல் போகுமா, அல்லது பதவியில் இருப்பவர் அசைக்க முடியாதவராக ஆகிவிடுவாரா? அங்கே வாழ்பவர்களும், நம் ஊராட்சித் தேர்தல்களை அருகிலிருந்து பார்த்தவர்களும், சட்டம் அறிந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும். எந்தக் கட்சி நல்லது என்ற விவாதம் இந்த இழையில் வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

---

பதில்: தோவாளைக்காரர், மிசிசாகா

வடசேரியானுக்கு வணக்கம். உங்கள் தங்கையின் அச்சம் நியாயமானது. நான் வசிக்கும் மிசிசாகாவே அதற்குப் பெரிய உதாரணம். ஹேசல் மெக்கேலியன் என்ற அம்மையார் 1978 முதல் 2014 வரை, தொடர்ந்து 36 ஆண்டுகள், இந்நகரின் மேயராக இருந்தார். பதவியை விட்டு விலகும்போது அவருக்கு வயது 93. பிற்காலத் தேர்தல்களில் அவர் பிரசாரம் என்று சொல்லத்தக்க எதையும் பெரிதாகச் செய்யவில்லை, நன்கொடையும் திரட்டவில்லை, ஆனாலும் பெரும் வித்தியாசத்தில் வென்றுகொண்டே இருந்தார். அவர் திறமையான நிர்வாகி என்பதை அவருடைய எதிரிகளே ஒப்புக்கொள்வார்கள். இருந்தாலும், கட்சி இருந்திருந்தால் ஒரு கட்டத்தில் "அம்மா, அடுத்தவருக்கு வழிவிடுங்கள்" என்று உள்ளிருந்தே ஒரு குரல் எழுந்திருக்கும். கட்சி இல்லாத இடத்தில் அந்தக் குரலை எழுப்ப யாரும் இல்லை. எதிர்த்து நிற்கத் தகுதியுள்ளவர்கள் அவர் ஓய்வு பெறும்வரை காத்திருந்தார்கள்.

டொரண்டோவிலும் இதே போக்கைப் பார்க்கலாம். 2022-இல் பதவியில் இருந்த ஜான் டோரி மீண்டும் நின்றபோது மேயர் பதவிக்கு 31 பேர் போட்டியிட்டார்கள். அவர் எளிதாக வென்றார். வாக்களித்தவர்கள் சுமார் 30 சதவீதம்தான். சில மாதங்களில் அவர் பதவி விலக, 2023 ஜூனில் இடைத்தேர்தல் வந்தது. பதவியில் இருப்பவர் என்று எவரும் இல்லாத அந்தத் தேர்தலில் 102 பேர் களத்தில் இருந்தார்கள். மனுத்தாக்கலுக்கு 200 டாலரும் 25 பேரின் கையொப்பமும் போதும் என்பதால் விளையாட்டுக்கு நின்றவர்களும் அதில் உண்டு என்றாலும், கனமான வேட்பாளர்கள் பலர் அந்த நேரம் பார்த்து வந்தார்கள் என்பதே முக்கியம். ஒலிவியா சௌ சுமார் 37 சதவீத வாக்குகளுடன் வென்றார்.

கட்சி உண்மையிலேயே இல்லையா என்று கேட்டால், சீட்டில் இல்லை, ஊரில் இருக்கிறது என்பதே நேர்மையான பதில். ஜான் டோரி மாகாண முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் தலைவராக இருந்தவர். பிராம்ப்டன் மேயர் பேட்ரிக் பிரௌனும் அதே கட்சிக்குத் தலைமை தாங்கியவர். ஒலிவியா சௌ புதிய ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுக்க வருகிற தன்னார்வலர்கள் பெரும்பாலும் மாகாணத் தேர்தலில் ஏதாவதொரு கட்சிக்கு வேலை செய்தவர்களே. வெளியிலிருந்து வந்த நமக்குத்தான் இது தெரியாது. இதே நாட்டில் மாண்ட்ரியலிலும் வான்கூவரிலும் நகரத்துக்கென்றே தனிக் கட்சிகள் உண்டு. வான்கூவரில் 1937-இல் தொடங்கிய ஒரு கட்சியின் பெயரே 'கட்சிச் சார்பற்ற சங்கம்' என்பதை முதன்முதலில் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன்.

பதவியில் இருப்பவருக்கு மூக்கணாங்கயிறு போடச் சில விதிகளும் உண்டு என்பதைத் தங்கையிடம் சொல்லுங்கள். நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளருக்கு நன்கொடை தர 2018 தேர்தல் முதல் அனுமதி இல்லை; தனிநபர் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 1,200 டாலர்வரைதான் தரலாம் (டொரண்டோ மேயர் பதவிக்கு மட்டும் 2,500). தேர்தல் காலத்தில் நகராட்சியின் அலுவலகம், ஊழியர், இணையதளம் ஆகியவற்றைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவது பற்றி ஒவ்வொரு நகராட்சியும் விதி வகுத்தாக வேண்டும். ஆகஸ்டில் மனுத்தாக்கல் முடிந்த பிறகு, இருக்கிற மன்ற உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் குறைவானவர்களே திரும்பி வர முடியும் என்பது உறுதியானால், மன்றம் தன் நிதிநிலை அறிக்கையில் இல்லாத பெரிய செலவுகளைச் செய்யவோ முக்கிய அலுவலர்களை நியமிக்கவோ நீக்கவோ கூடாது. ஆனால் மேயரின் பெயர் நான்கு ஆண்டுகளாகப் பூங்காத் திறப்பு விழாப் பலகைகளில் இருந்துவருவதை எந்த விதியாலும் அழிக்க முடியாது.

எதை வைத்து எடைபோடுவது என்ற கேள்விக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். மேயர் எதற்கெல்லாம் பொறுப்பு என்பதை முதலில் பிரித்துக்கொள்வேன். மருத்துவமனையும் குடியேற்றமும் அவர் கையில் இல்லை. பள்ளிகளுக்கு அதே வாக்குச்சீட்டில் தனியாக அறங்காவலர்களைத் தேர்ந்தெடுக்கிறோம். எனவே அவற்றைப் பற்றி அவர் தருகிற வாக்குறுதிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். மிஞ்சுவது சொத்து வரி, பேருந்து, சாலை, பனி அகற்றல், நூலகம், கட்டட அனுமதி போன்றவை. மன்றக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் நகராட்சி இணையதளத்திலேயே கிடைக்கும். எந்தத் தீர்மானத்துக்கு யார் எப்படி வாக்களித்தார்கள் என்று பல நகரங்களில் பெயர் வாரியாகவே பார்க்கலாம். ஒன்டாரியோ அரசு 2022 இறுதியில் டொரண்டோ, ஒட்டாவா மேயர்களுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்து, பிறகு அதைப் பல நகரங்களுக்கு விரித்தது. நிதிநிலை அறிக்கையை மேயரே தயாரிக்கிறார். மன்றத்தின் சில முடிவுகளை மறுக்கவும் செய்யலாம். ஆகவே "மன்றம் ஒத்துழைக்கவில்லை" என்ற பழைய சமாதானத்தை இப்போதைய மேயர்கள் முன்புபோல் சொல்ல முடியாது. உங்கள் தங்கையின் நகர மேயருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா, இருந்தால் எதற்குப் பயன்படுத்தினார் என்பதே நான் முதலில் தேடும் செய்தியாக இருக்கும்.

---

பதில்: பறளியாற்றங்கரை, திருவட்டார்

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். வாக்குச்சாவடிப் பணியில் பல தேர்தல்களைப் பார்த்தவன். வடசேரியான் தம்பி கனடாவரை போய்த் தேடுகிற பொருள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் 95 ஊராட்சிகளிலும் தலைவர் பதவிக்கும் வார்டு உறுப்பினர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஆணையம் ஒதுக்கும் பொதுச் சின்னங்களில்தான் வேட்பாளர்கள் நிற்கிறார்கள். அதே வாக்காளர் அதே நாளில் ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும் கட்சிச் சின்னத்தில் வாக்களிக்கிறார். 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நான்கு சீட்டுகளை மடித்துப் போட்டோமே, அதில் பாதி கட்சிச் சார்பற்ற தேர்தல், மறு பாதி கட்சித் தேர்தல். ஒரே மனிதர் ஒரே மறைவிடத்தில் நின்று இரண்டு விதமாக யோசித்து முத்திரை குத்துவதை இதைவிடத் தெளிவாகப் பார்க்க வேறு இடம் இல்லை.

எல்லை தாண்டிக் களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்குப் போனால் நிலைமை வேறு. கேரளத்தில் கிராம ஊராட்சியின் வார்டு உறுப்பினர்கூடக் கட்சிச் சின்னத்தில் நிற்கிறார். நம் எல்லையோர ஊர்களில் இருபுறமும் உறவினர் உள்ள குடும்பங்கள் ஏராளம். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் உறுப்பினரைப் பற்றிக் குறை இருந்தால் கட்சியின் உள்ளூர்க் கிளையில் போய்ச் சண்டை போடலாம் என்பார்கள். இந்தப் பக்கத்தில் தலைவரைப் பற்றிக் குறை இருந்தால் தலைவரிடமே போக வேண்டும்; அவர் முகம் கொடுக்கவில்லை என்றால் அடுத்த தேர்தல்வரை காத்திருக்க வேண்டும்.

கட்சி இல்லாத இடத்தில் மக்கள் தெருவிளக்கையும் குடிநீரையும் மட்டும் பார்த்து வாக்களிக்கிறார்கள் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். குடும்பம், சாதி, கோவில், ஆலயப் பங்கு, ஊர்க் கமிட்டி ஆகியவை கட்சியின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மலையோரத்தில் ஒரு விதம், கடற்கரையில் இன்னொரு விதம் என்று இதில் வேறுபாடு உண்டே தவிர, இல்லாத ஊர் அரிது. மிசிசாகாக்காரர் குறிப்பிடாத ஒன்றை அவரிடம் கேட்க விரும்புகிறேன்: அங்கேயும் பெயரைப் பார்த்தே 'நம் ஆள்' என்று தமிழர் தமிழருக்கும் பஞ்சாபியர் பஞ்சாபியருக்கும் குத்துவதில்லையா?

ஆனாலும் ஊராட்சித் தேர்தலில் ஒரு நன்மையைக் கண்டிருக்கிறேன். மீண்டும் நிற்கிற தலைவரிடம் மக்கள் கேட்கிற கேள்விகள் ஊரைவிட்டு வெளியே போவதில்லை. நூறு நாள் வேலையில் பெயர் ஏன் விட்டுப்போனது, இந்த முடுக்குக்கு ஏன் கான்கிரீட் வரவில்லை, குளக்கரையில் யார் மண் எடுத்தார்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். அவரும் மேலிடத்தின் மீது பழி போட முடியாமல் விழிப்பார். பேரூராட்சிகள் கட்சித் தேர்தலுக்கு உட்பட்டவை என்பதால், ஊராட்சியிலிருந்து சாலையைக் கடந்து பேரூராட்சிக்குள் நுழைந்தால் அந்தக் கேள்விகளோடு கூட்டணிப் பேச்சும் சேர்ந்துகொள்கிறது. இப்போது ஊராட்சிகளில் கேட்பதற்கும் ஆள் இல்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள்.

இன்னொன்று: நம் ஊரில் பதவியில் இருப்பவர் மீண்டும் நிற்க முடியுமா என்பதே இடஒதுக்கீட்டுச் சுழற்சியைப் பொறுத்தது. தலைவர் பதவி பெண்களுக்கென்று மாறிவிட்டால் நேற்றுவரை தலைவராக இருந்தவரின் மனைவி நிற்பார், சுவரொட்டியில் இருவர் படமும் இருக்கும். அதையும் பதவியில் இருப்பவரின் மறுபோட்டியாகவே வாக்காளர் எடுத்துக்கொள்கிறார்.

---

பதில்: தோவாளைக்காரர், மிசிசாகா

ஆசிரியர் ஐயாவுக்கு: குத்துகிறோம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அது மேயர் தேர்தலைவிட வார்டுத் தேர்தலில்தான் எடுபடும். நகரம் முழுவதும் வாக்குக் கேட்கிற மேயர் வேட்பாளர் ஒரு சமூகத்தை மட்டும் நம்பி வெல்ல முடியாது. அதனால் பதவியில் இருக்கும் மேயர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வைசாகிக்கும் ஈகைத் திருநாளுக்கும் தவறாமல் வந்து விளக்கேற்றுகிறார்கள். எதிர்த்து நிற்பவருக்கு அந்த மேடைகள் கிடைப்பதில்லை.

---

பதில்: அரசியல் அறிவியல் ஆசிரியை, மார்த்தாண்டம்

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால் வடசேரியான் அவர்களின் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க், சிகாகோ போன்ற அமெரிக்க நகரங்களின் நிர்வாகம் கட்சித் தரகர்களின் பிடியில் இருந்தது. குடியேறி வந்த ஏழைகளுக்கு வேலையும் அரிசி பருப்புபோல் அன்றாட உதவிகளும் கொடுத்து, பதிலுக்கு வாக்கை வாங்கி, நகராட்சி ஒப்பந்தங்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். இதை எதிர்த்த சீர்திருத்தவாதிகள் 1894-இல் தேசிய நகராட்சிக் கழகத்தைத் தொடங்கினார்கள். சாக்கடை கட்டுவதில் கட்சிக்கு என்ன வேலை என்பது அவர்களுடைய வாதம். அதன் விளைவாக இன்று அமெரிக்க நகரங்களில் பெரும்பான்மையானவை சீட்டில் கட்சிப் பெயர் இல்லாமல் தேர்தல் நடத்துகின்றன. கலிஃபோர்னியாவில் மாநில அரசமைப்பே நகரப் பதவிகள் அனைத்தும் கட்சிச் சார்பற்றவை என்று விதிக்கிறது. நியூயார்க்கும் ஃபிலடெல்ஃபியாவும் இன்றும் கட்சி அடிப்படையிலேயே தேர்ந்தெடுக்கின்றன. சீர்திருத்தவாதிகள் எல்லாரும் தூய நோக்கத்தோடு வந்தார்கள் என்று நான் நம்பவில்லை. கட்சியின் கைப்பிடியில் வாக்குச்சாவடிக்கு வந்த ஏழை, கட்சி விலகியதும் வராமல் போனால் யாருக்கு லாபம் என்பதையும் அவர்கள் அறிந்தே இருந்தார்கள்.

2001-இல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், வட கரோலினாவில் ஆஷ்வில் நகரின் மேயர் தேர்தல்களையும் வேறு சில தேர்தல்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். கட்சி அடையாளம் நீங்கியபோது வாக்குப்பதிவு குறைந்ததாகவும், வாக்காளர்கள் பதவியில் இருப்பவர் என்ற அடையாளத்தைக் கூடுதலாகப் பற்றிக்கொண்டதாகவும் அவர்கள் கண்டார்கள். உங்கள் தங்கை தன்னைப் பற்றிச் சொன்னதும் அதுவேதான்.

என்றாலும், பதவியில் இருப்பவர் அசைக்க முடியாதவர் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. சிகாகோவில் 1999 முதல் மேயர் தேர்தல் கட்சிச் சார்பற்றது; எவரும் பாதிக்கு மேல் வாங்காவிட்டால் முதல் இருவருக்கிடையே மீண்டும் தேர்தல் நடக்கும். 2023 பிப்ரவரியில் மேயர் லோரி லைட்ஃபுட் முதல் சுற்றிலேயே மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேறினார். சான் பிரான்சிஸ்கோவில் வாக்காளர்கள் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கிறார்கள். அங்கே 2024 நவம்பரில் மேயர் லண்டன் பிரீட், இதற்கு முன் எந்தத் தேர்தல் பதவியும் வகிக்காத டேனியல் லூரியிடம் தோற்றார். இரண்டு இடங்களிலும் எதிர்ப்பு வாக்குகள் பல பேரிடம் சிதறினாலும் பின்னர் ஒன்றுசேர வழி இருந்தது. ஒன்டாரியோவில் அப்படி இல்லை. அதிக வாக்கு வாங்கியவர் வென்றார், அவ்வளவுதான். அந்த மாகாணத்தின் லண்டன் நகரம் 2018-இல் விருப்ப வரிசை முறையைப் பின்பற்றியது. 2020-இல் மாகாண அரசு அந்த வாய்ப்பையே நீக்கிவிட்டது. ஆகவே மேயரைப் பிடிக்காதவர்கள் ஐந்து பேருக்குப் பிரித்துப் போட்டால் மேயரே வெல்வார் என்பதை உங்கள் தங்கை மனத்தில் கொள்ள வேண்டும். இப்போதைய மேயர் வேண்டாம் என்று முடிவு செய்தால், மிகவும் பிடித்தவருக்கா, வெல்லக்கூடியவருக்கா என்ற அடுத்த கேள்வியும் வந்துவிடும்.

---

பதில்: வழக்கறிஞர், குழித்துறை

நாகர்கோவில் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இதுவரை பேசியவர்கள் ஒரு வேறுபாட்டைக் கடந்து போய்விட்டார்கள். ஒன்டாரியோவில் மேயரை வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார். நாகர்கோவிலில் அப்படி இல்லை. 2022 மார்ச் 4 அன்று நம் மேயரைத் தேர்ந்தெடுத்தவர்கள் 52 மாமன்ற உறுப்பினர்கள், தி.மு.க.வின் மகேஷ் 28 வாக்குகளும் பா.ஜ.க.வின் மீனாதேவ் 24 வாக்குகளும் பெற்றார்கள். எனவே, மீண்டும் மேயராக விரும்புபவர் முதலில் தன் கட்சியிடம் வாய்ப்பு வாங்கி, ஒரு வார்டில் வென்று, பிறகு மாமன்றத்தில் பெரும்பான்மை பெற வேண்டும். நகரின் மற்ற 51 வார்டுகளிலும் இருப்பவர்களுக்கு அவரைப் பற்றி நேரடியாகக் கருத்துச் சொல்ல வாக்குச்சீட்டில் இடமே இல்லை.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 243-ஆர் பிரிவு, நகராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டுவிட்டதால், தமிழ்நாட்டில் ஆட்சி மாறும்போது முறையும் மாறிக்கொண்டிருந்தது. 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் நேரடித் தேர்தல். 2006-இலும் 2022-இலும் மறைமுகத் தேர்தல். 2001-இல் சென்னை மேயராக இருந்த மு.க. ஸ்டாலின் மீண்டும் நின்று மக்களிடமே நேரடியாக வாக்குப் பெற்று வென்றார். அப்போது மாநிலத்தில் ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சிக்கு எதிரான கட்சி. பதவியில் இருக்கும் மேயர் தன் பெயரில் நகரம் முழுவதும் தீர்ப்புக் கேட்டதற்குத் தமிழ்நாட்டில் அதைவிடத் தெளிவான முன்னுதாரணம் எனக்குத் தோன்றவில்லை. 2011-இல் நாகர்கோவில் நகராட்சியாக இருந்தபோது நாமும் தலைவரை நேரடியாகத்தான் தேர்ந்தெடுத்தோம். அப்போது வென்றவர் மீனாதேவ்.

மறைமுக முறையின் விளைவு நெல்லையில் தெரிந்தது. 2024 ஜூலையில் நெல்லை மேயரும் கோவை மேயரும் ஒரே நாளில் பதவி விலகினார்கள். அவர்களுடைய இடத்துக்குப் புதியவர்களை மாமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், இரு நகரங்களின் வாக்காளர்களையும் யாரும் கேட்கவில்லை. மேயர் ஒருவரைப் பாராட்டவோ தண்டிக்கவோ வாக்காளருக்கு உரிமையில்லாதபோது, சீட்டில் கட்சிச் சின்னம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் மாநகராட்சியில் நிர்வாகத்தை நடத்துபவர் அரசு நியமிக்கும் ஆணையர். அமெரிக்காவின் டாலஸ் நகரத்திலும் ஏறக்குறைய இப்படித்தான்; அன்றாட நிர்வாகம் நகர மேலாளரிடம் இருக்க, மேயர் 15 பேர் கொண்ட மன்றத்தில் ஒரு வாக்கு உடையவர். ஆனால் அந்த மேலாளரை நியமிப்பதும் நீக்குவதும் நகர மன்றம். நம் ஆணையரை மாற்றுவது சென்னைத் தலைமைச் செயலகம். அதே டாலஸில் மேயர் எரிக் ஜான்சன் 2023 மே மாதம் கட்சிச் சார்பற்ற தேர்தலில், சீட்டில் எதிர்வேட்பாளர் பெயரே இல்லாமல் மீண்டும் வென்று, செப்டம்பரில் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறினார். பதவிக்கு எந்தச் சேதமும் இல்லை, ஏனென்றால் சட்டப்படி அவர் எந்தக் கட்சியின் சார்பிலும் வெல்லவில்லை. நம் பக்கத்துக் கேரளத்தில் உள்ளாட்சி உறுப்பினர்களின் கட்சித் தாவலைத் தடுக்க 1999-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆகவே நம்மிடம் இருப்பது கட்சித் தேர்தலின் கூச்சல் மட்டும். கட்சி தரக்கூடிய கட்டுப்பாடு இல்லை.

நாகர்கோவிலில் கட்சிச் சார்பற்ற தேர்தல் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், நேரடித் தேர்தல் வேண்டும் என்று கேட்பதே சரியான வரிசை என்பது என் கருத்து. திருவட்டார் ஆசிரியர் சொன்ன ஊராட்சித் தலைவருக்கு அது கிடைத்திருக்கிறது. ஒரு சிற்றூரின் வாக்காளருக்கு இருக்கும் உரிமை மாநகரத்தின் வாக்காளருக்கு ஏன் இல்லை என்று எந்த அரசும் எனக்கு நிறைவளிக்கும்படி விளக்கியதில்லை.

---

பதில்: கோட்டாறு வணிகன்

வழக்கறிஞரோடு பாதி உடன்படுகிறேன், மீதியில் மாறுபடுகிறேன். நேரடித் தேர்தல் வரட்டும். ஆனால் சின்னத்தை எடுத்துவிட்டால் நாகர்கோவிலில் அந்த இடத்துக்கு எது வரும் என்பதை ஆசிரியர் ஐயா ஏற்கெனவே சொல்லிவிட்டார். சாதியையும் மதத்தையும் நேரடியாகச் சொல்லிக் கேட்கத் தயங்குகிற வேட்பாளருக்குக்கூட, சின்னம் இல்லாத தேர்தல் அதைத் தவிர வேறு கையிருப்பைத் தராது. பல சமயத்தாரும் பல சமூகத்தாரும் சேர்ந்து வாழும் நகரில், ஒரு கட்சி தன் வேட்பாளர் பட்டியலில் எல்லாரையும் அணைத்துப்போக வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது. தனி வேட்பாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அரசிடம் நிதி கேட்டுப் போகும்போதும் ஆளுங்கட்சி மேயருக்குத் திறக்கும் கதவு, தனி மேயருக்குத் திறக்குமா என்பது ஐயமே. அது நியாயமில்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் குடிநீர்க் குழாய் போடுவது நியாயத்தால் மட்டும் நடப்பதில்லை.

---

வடசேரியான், நாகர்கோவில்

அனைவருக்கும் நன்றி. நாகர்கோவிலைப் பொறுத்தவரை வழக்கறிஞர் சொன்ன வரிசையை ஏற்கிறேன்; கோட்டாறு நண்பரின் ஐயத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அதைத் தனி இழையாகவே பேசலாம். தங்கையிடம் மன்றக் குறிப்புகளைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் இப்போது கேட்பது நடைமுறைக் கேள்வி: புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் தானாக வந்துவிடுமா?

---

பதில்: தோவாளைக்காரர், மிசிசாகா

வந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். 2024 முதல் உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியலையும் மாகாணத் தேர்தல் அலுவலகமான 'எலெக்‌ஷன்ஸ் ஒன்டாரியோ'தான் பராமரிக்கிறது. அதன் இணையதளத்தில் பெயரும் முகவரியும் சரியாக இருக்கின்றனவா என்று இருவரும் தனித்தனியே இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. விடுபட்டிருந்தால் தேர்தல் நாளன்று சாவடியிலேயே சேர்த்துக்கொள்ளவும் வழியுண்டு. பெயரும் முகவரியும் உள்ள அடையாளச் சான்று ஒன்று போதும், புகைப்படம் கட்டாயமில்லை. அக்டோபர் 26-க்கு முன்பே வாக்களிக்க முன்கூட்டிய நாட்கள் இருக்கும். எந்தெந்த நாட்கள் என்பதை ஒவ்வொரு நகராட்சியும் தனித்தனியே அறிவிக்கும். மேயரோடு வார்டு உறுப்பினர், பள்ளி அறங்காவலர் ஆகியோரின் பெயர்களும் அதே சீட்டில் வரும் என்பதால், அந்தப் பெயர்களைப் பற்றியும் இரண்டொரு மாலை நேரங்களை ஒதுக்கிப் படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.